குளிர்காலத்துப் பள்ளிக்கூடமும் பிள்ளைகள் அச்சிட்ட தாளும்

பிரான்சில் பேரப்பிள்ளைகள் இருக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவராயிற்றே, அந்த நாட்டுக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதக் கூடாதா?" என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மார்கழிக் குளிர் கொஞ்சம் எட்டிப் பார்க்கிற இந்த நாட்களில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பொருத்தமும் இருக்கிறது. அந்த நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு உண்மையான பருவம் குளிர்காலம்தான்.

காரணம் எளிது. விவசாயக் குடும்பத்தில் பிள்ளையும் ஒரு வேலையாள். கோடையில் மாடு மேய்க்க, புல் வார, கதிர் அறுக்க, அதன்பின் திராட்சை பறிக்க அவன் வீட்டுக்கு வேண்டும். நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாள் கழிந்து, வயல் வேலை ஓய்ந்த பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவான். ஈஸ்டர் வந்தால் மறுபடி பெஞ்சுகள் காலியாகும். 1833-ல் அமைச்சர் கிஸோ கொண்டுவந்த சட்டம், கொம்யூன்தோறும் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு தொடக்கப் பள்ளி வேண்டும் என்றது. ழூல் ஃபெர்ரி 1881-ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார். 1882-ல் 6 வயது முதல் 13 வயது வரை கட்டாயமாக்கினார். சட்டம் வந்த பிறகும் வெகுகாலம் கோடை மாதங்களில் வருகைப் பதிவேடு மெலிந்தே கிடந்தது. சட்டத்தைவிட அறுவடைக்குப் பலம் அதிகம்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்னால் இன்னொரு வழக்கம் இருந்தது. ஆல்ப்ஸ் மலையில் பிரியான்சோன் வட்டாரத்துக் கிராமங்கள் பல மாதம் பனி மூடிக் கிடக்கும். வேலை கிடையாது. ஆனால் அங்கே எழுத்தறிந்தவர்கள் நிறைய. அவர்கள் இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து இறங்கி, தெற்கே ப்ரொவான்ஸ் பக்கத்துச் சந்தைகளில் வந்து நிற்பார்கள். தொப்பியில் இறகு செருகியிருக்கும். ஒரு இறகு என்றால் எழுதப் படிக்கச் சொல்லித் தருவார். இரண்டு என்றால் கணக்கும் சேர்த்து. மூன்று என்றால் லத்தீனும் தெரியும் என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் இறகை எண்ணிப் பார்த்துக் கூலி பேசி, குளிர்காலம் முழுவதற்கும் வாத்தியாராக அமர்த்திக்கொள்வார்கள். வசந்தம் வந்ததும் அவர் மலையேறிப் போய் ஏர் பிடிப்பார். நெல்லும் காய்கறியும் வாங்கிக்கொண்டு பாடம் சொன்ன நம் திண்ணைப் பள்ளி வாத்தியார்களுக்கு இவர்கள் தூரத்து உறவு என்று எனக்குத் தோன்றும்.

ஃபெர்ரி காலத்துக்குப் பிறகு கல்லால் கட்டிய பள்ளிகள் வந்தன. பல ஊர்களில் நடுவில் மேரி, ஒரு பக்கம் ஆண்பிள்ளைகள் வகுப்பு, மறுபக்கம் பெண்பிள்ளைகள் வகுப்பு, எல்லாம் ஒரே கட்டடம். கிராமத்து ஆசிரியரே பெரும்பாலும் மேரியின் செயலாளராகவும் இருப்பார். பகலில் பாடம், மாலையில் பிறப்பு இறப்புப் பதிவு, மன்றக் கூட்டக் குறிப்பு, விண்ணப்பம் எழுதுவது. பாடம் சொல்லும் பாதி நேரம் போக மீதி நேரம் அவரும் என்னைப் போல ஒரு கிளார்க்குதான். அந்த நாட்டு ஆசிரியர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பின் நடுவில் இரும்புக் கணப்பு அடுப்பு ஒன்று இருக்கும். அதன் புகைக்குழாய் கூரைக்குப் போகும். பல கிராமங்களில் ஒவ்வொரு பிள்ளையும் காலையில் ஒரு விறகுக் கட்டை கொண்டுவர வேண்டும். கட்டை கொண்டுவராதவன் அடுப்புக்குத் தள்ளி உட்கார நேரிடும். பெரிய பையன்கள் முறைவைத்துச் சீக்கிரம் வந்து அடுப்பு மூட்டுவார்கள். கடுங்குளிர் நாட்களில் மைக்கூட்டில் மை உறைந்துவிடும், அடுப்பருகில் வைத்து இளக்க வேண்டும். தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து மரக்கட்டைச் செருப்புக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டு நடந்துவரும் பிள்ளைகள், கொண்டுவந்த சூப்புப் பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்துவிடுவார்கள். பதினொரு மணிக்கெல்லாம் வகுப்பு முழுக்க முட்டைக்கோசு வாசனை. வியாழக்கிழமை வார விடுமுறை. நம்மூரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த வியாழக்கிழமை லீவு மறந்திருக்காது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? பெரியவர்கள் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளிலிருந்து. அரசாங்கக் காகிதத்தில் தேடினால் வருகைப் பதிவேடு இருக்கும், இன்ஸ்பெக்டர் அறிக்கை இருக்கும், விறகுச் செலவுக் கணக்கு இருக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளை என்ன பார்த்தான், என்ன நினைத்தான் என்பது மட்டும் எதிலும் இருக்காது. முப்பத்தைந்து வருடம் கோப்பு கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பதிவேடு கேட்கும் கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்கும். பிள்ளையைப் பார்த்து, "உனக்கு என்ன சேதி?" என்று கேட்டு, அவன் சொன்னதை அச்சில் ஏற்றியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் செலெஸ்தேன் ஃபிரெனே.

ஃபிரெனே 1896-ல் ஆல்ப்-மரிதீம் மாவட்டத்தில் கார் என்ற சின்ன மலைக் கிராமத்தில் பிறந்தார். நீஸ் நகரில் ஆசிரியப் பயிற்சி. முதல் உலகப் போருக்கு அழைக்கப்பட்டு, 1917-ல் நுரையீரலில் குண்டடி பட்டு, நீண்ட காலம் சிகிச்சையில் இருந்தார். 1920 சனவரி முதல் தேதி, நடுக்குளிர்காலத்தில், பார்-சூர்-லூ என்ற ஊரின் பள்ளியில் துணை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன கிராஸ் நகருக்குப் பக்கத்து ஊர் அது. மலைச்சரிவில் கசப்பு ஆரஞ்சு மரங்களும் ஒலிவ மரங்களும். குளிர்காலம் என்றால் அங்கே முக்கியமாக ஒலிவக்காய் பறிக்கும் காலம்.

அடிபட்ட நுரையீரலோடு நாள் முழுக்க உரத்துப் பேச அவரால் முடியவில்லை. பாடப் புத்தகத்தை வாசித்தால் பிள்ளைகளின் கண் சன்னலுக்கு வெளியே போகிறது. ஆகவே அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார். தச்சர் பட்டறை, நெசவாளி வீடு, வயல், ஆற்றங்கரை. திரும்பி வந்து, பார்த்ததைப் பிள்ளைகள் சொல்ல, கரும்பலகையில் எழுதினார்கள். நல்ல வரிகள். ஆனால் மறுநாள் பலகையைத் துடைத்தால் போச்சு. இதற்கு வழி தேடித்தான் 1924-ல் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கி வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்தார்.

ஈய எழுத்து கோத்து அச்சடித்த காலம் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை புரியும். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை எழுதி வருவார்கள். வகுப்பில் வாசிப்பார்கள். எதை அச்சிடலாம் என்று கையைத் தூக்கி வாக்களிப்பார்கள். தேர்ந்ததைப் பலகையில் எழுதி, எல்லோருமாகப் பிழை திருத்துவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு வரியாகக் கம்போசிங் ஸ்டிக்கில் எழுத்து கோப்பார்கள். எழுத்து எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி இருக்கும், ஒரு எழுத்து தப்பினாலும் தாளில் காட்டிக்கொடுத்துவிடும். மை உருளை ஓட்டுபவன் ஒருவன், தாள் வைப்பவன் ஒருவன், எடுத்து உலர்த்துபவன் ஒருவன். ஆளுக்கு ஒரு தாள். தாள்கள் சேரச் சேரக் கட்டினால் அதுவே வகுப்பின் புத்தகம். எழுத்துப் பிழை செய்யாதே என்று பிரம்பு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நாளைக்கு அடுத்த வீட்டுக்காரர் வாசிக்கப் போகிறார் என்றால் பிள்ளையே நாலு தடவை சரிபார்ப்பான்.

1926-ல் இன்னொரு கதவு திறந்தது. பிரான்சின் மறுகோடியில், அட்லாண்டிக் கடலோரம், பிரெத்தாஞ் பகுதியில் த்ரெகன் என்ற ஊரில் ரெனே தனியேல் என்ற ஆசிரியர் இருந்தார். அவரும் வகுப்பில் அச்சு இயந்திரம் வைத்தார். இரண்டு பள்ளிகளும் தாள்களைத் தபாலில் மாற்றிக்கொள்ள ஆரம்பித்தன. நடுவே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒலிவ மரம் அன்றாடக் காட்சி. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மீன்பிடி படகு அன்றாடக் காட்சி. நமக்குச் சாதாரணமானது இன்னொருவனுக்கு அதிசயம் என்று தெரிந்த பிறகுதான் அதைக் கூர்ந்து பார்க்கத் தோன்றுகிறது. உன் அப்பா ஒலிவக்காயை எப்படி உதிர்க்கிறார், ஒரு கூடைக்கு எவ்வளவு எண்ணெய் வரும் என்று கடலோரப் பையன் கேட்டு எழுதினால், இவன் அப்பாவிடம் போய்க் கேட்க வேண்டும், அளக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும். பூகோளமும் கணக்கும் மொழியும் அந்த ஒரு கடிதத்துக்குள் வந்துவிட்டன. குளிரில் அடைந்து கிடக்கும் வகுப்புக்குத் தபால்காரர் வருவது ஒரு திருநாள் மாதிரி ஆகிவிட்டது.

1927-ல் ஃபிரெனே இந்த முறையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பல ஊர் ஆசிரியர்கள் சேர்ந்தார்கள், கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. 1928-ல் அவரும் அவர் மனைவி எலீசும் பக்கத்திலேயே உள்ள சேன்-போல் என்ற ஊருக்குப் போனார்கள். இன்று ஓவியங்களுக்காகச் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் சேன்-போல்-தெ-வான்ஸ் அதுதான். அந்த நாளில் அங்கே பள்ளிக் கட்டடம் சுகாதாரக் கேடான நிலையில் இருந்தது. ஃபிரெனே மேரிக்கு எழுதிக் கேட்டார். சீர் செய்யவில்லை. கசப்பு வளர்ந்தது.

1932 டிசம்பர் தொடக்கத்தில் அந்த ஊர்ச் சுவர்களில் ஒரு சுவரொட்டி முளைத்தது. அதில் இருந்தது ஃபிரெனேயின் மாணவன் ஒருவன் எழுதி வகுப்பில் அச்சிடப்பட்ட ஒரு கனவு. பள்ளிக்கு வேண்டிய சாமான்களை இலவசமாகத் தர மறுத்த மேயருக்கு எதிராக வகுப்பே கிளம்பியதாம், அவன் மேயரைக் கத்தியால் குத்திவிட்டானாம். பாருங்கள், இந்த ஆசிரியர் நம் பிள்ளைகளுக்கு என்ன கற்றுத் தருகிறார் என்று கேட்டது சுவரொட்டி. ஃபிரெனே கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே தீ வேகமாகப் பற்றியது. பாரீசில் 'அக்சியோன் ஃபிரான்சேஸ்' பத்திரிகையில் ஷார்ல் மொராஸ் தாக்கி எழுதினார். சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலர் ஆசிரியர் பக்கம் நின்றார்கள். சின்ன ஊர் இரண்டாகப் பிளந்தது.

இதில் நியாயம் யார் பக்கம்? வாசகர்களில் பலர் பேரப்பிள்ளை உள்ளவர்கள், நீங்களே யோசித்துப் பாருங்கள். மேயரின் இடத்தில் நான் இருந்து, என்னைக் குத்துவதாக எழுதிய தாளைப் படித்திருந்தால் எனக்கும் மனம் கொதித்திருக்கும். அதை அச்சிடாமல் இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனவில் அந்தப் பிள்ளை சொன்ன காரணம், பள்ளிக்குச் சாமான் தரவில்லை என்பது. ஆசிரியர் முறையாக மனு எழுதிக் கேட்டபோது யாரும் அசையவில்லை. ஒரு பிள்ளையின் கனவு வெளிவந்ததும் நாடே அசைந்தது. அப்போதும் எல்லோரும் கத்தியைப் பற்றிப் பேசினார்கள், பள்ளிக்கூடத்தின் நிலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

1933 சனவரியில் நிர்வாகம் ஃபிரெனேக்குக் கண்டனத் தண்டனை கொடுத்தது. ஏப்ரலில் எதிர்ப்பாளர்கள் பள்ளியை முற்றுகையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. கோடை விடுமுறைக்கு முன் அவரை அந்தப் பள்ளியிலிருந்து இடமாற்றம் செய்தார்கள். இந்த இடத்தில் என்னையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது. சரி தவறு என்று தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லாத போது இடமாற்ற உத்தரவு போடுவது எல்லா நாட்டு நிர்வாகத்துக்கும் பொதுவான வைத்தியம் போலிருக்கிறது. அப்படிப்பட்ட உத்தரவுகள் பலவற்றை என் கையாலேயே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். 'நிர்வாக நலன் கருதி' என்ற இரண்டு மூன்று வார்த்தைக்குள் ஒரு மனிதரின் பத்து வருடம் அடங்கிவிடும். கோப்பு முடிந்துவிடும், கேள்வி முடியாது.

ஃபிரெனே முடங்கவில்லை. 1935-ல் பக்கத்து ஊரான வான்சில் சொந்தமாக ஒரு பள்ளி திறந்தார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அங்கிருந்து வந்த அகதிப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார். 1940-ல் அரசு அவரைக் கைது செய்து முகாமில் அடைத்தது. போருக்குப் பிறகு அவர் முறை பல நாடுகளுக்குப் பரவியது. 1949-ல் அவர் கதையைத் தழுவி ஒரு திரைப்படமும் வந்தது. 1966-ல் காலமானார். 1991-ல் அவருடைய வான்ஸ் பள்ளியைப் பிரெஞ்சு அரசே வாங்கிக்கொண்டது. தண்டித்த அதே அரசாங்கம்தான் கடைசியில் காப்பாற்றியும் வைத்தது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறிய பிறகும் இங்கே பிரெஞ்சு மீடிய வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன, நான் படித்தது அந்த வகுப்புகளில்தான். எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் பனி பெய்யும். கணப்பு அடுப்பு எரியும், மரச்செருப்பு தடதடக்கும், சன்னல் கண்ணாடியில் உறைபனி பூப்பூவாகப் படியும். முசியே திக்தே சொல்வார், நாங்கள் எழுதுவோம். 'நேழ்' என்றால் பனி என்று தெரியும், எழுத்துக்கூட்டும் தெரியும். வெளியே என்ன நடக்கிறது? ஐப்பசி அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஓட்டிலிருந்து ஒழுகும் இடத்தில் பிள்ளைகள் பெஞ்சை நகர்த்திக்கொள்வார்கள். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளையின் சட்டையிலிருந்து சணல் வாசனை. மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் பையன்கள் புயல் நாட்களில் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்று வகுப்பில் பேச்சே எழாது. ஒரு நாள் கூட, "உங்கள் வீட்டில் மழைக்கு என்ன செய்தீர்கள், எழுதுங்கள்" என்று எங்களை யாரும் கேட்டதில்லை. மாவட்டக் கல்விப் பாடத்தில் அதற்கு இடம் இல்லை. பார்-சூர்-லூ பிள்ளைகள் தங்கள் ஒலிவத் தோப்பை அச்சில் ஏற்றி முப்பது வருடம் கழிந்த பின்னும், பிரெஞ்சிலேயே படித்த நாங்கள் வேறொருவருடைய குளிர்காலத்தைத்தான் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தோம்.

இதை ஆசிரியர்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் அன்பானவர்கள், எனக்குச் சோறு போட்ட கையெழுத்து அவர்கள் தந்தது. அவர்களிடமும் பிள்ளைப் பருவத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விளைவு என்னவென்றால், நம் பிரெஞ்சுப் பள்ளிகளின் சட்டங்களும் பட்டங்களும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மழைநாளில் அந்த வகுப்புகள் எப்படி இருந்தன என்பது நம் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தலைகளும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகின்றன. 1962-க்குப் பிறகு குடியுரிமை தேர்ந்து கப்பலேறிப் போனவர்களில் என் வகுப்புத் தோழர்களும் உண்டு. அவர்கள் அங்கே போய் உண்மையான பனியைப் பார்த்தார்கள். ஒருவர் முதல் குளிர்காலத்தில் எனக்கு எழுதிய கடிதத்தில், பனி புத்தகத்தில் இருந்தது போலத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு இவ்வளவு நிசப்தம் உண்டு என்று புத்தகம் சொல்லவில்லையே என்று எழுதியிருந்தார். அவர் பள்ளியில் எழுதிய திக்தேக்கள் எல்லாவற்றையும் விட அந்த ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்தால், பள்ளியில் எத்தனை மார்க் என்று கேட்பதோடு, இந்த வாரம் பள்ளியில் என்ன சேதி என்றும் கேளுங்கள். சொன்னதை ஒரு தாளில் அவர்களையே எழுதச் சொல்லித் தேதி போட்டு வையுங்கள். நீங்களும் உங்கள் பள்ளியின் மழைக்காலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த வகுப்பு, எங்கே ஒழுகிற்று, யார் வரவில்லை, மதியத்துக்கு என்ன கட்டிக்கொண்டு போனீர்கள். என் பக்கத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன். வகுப்பில் ஒழுகிய இடங்கள் மூன்று என்று எனக்கு ஞாபகம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இன்றும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், நான்கு என்று சாதிக்கிறார்.